பாட்டு ஆப்புக்கு மாதம் 300 ரூபாய்: மூன்று தலைமுறைக்கும் சேர்த்து எது கட்டுப்படியாகும்?

குரோம்பேட்டைக்காரன்

இத்தனை வருஷமும் ஓசியிலேயே ஓட்டிவிட்டோம். இனி முடியாது என்று நேற்று முடிவாகிவிட்டது. காலையில் அம்மா பக்திப்பாட்டைப் போட்டுவிட்டுத்தான் விளக்கேற்றுவார். நேற்று சரணம் பாதியில் இருக்கும்போது ஒரு கடன் ஆப் விளம்பரம் புகுந்து, ஆவணமே வேண்டாம், ஐந்தே நிமிடத்தில் பணம் என்று கத்தியது. தீப்பெட்டியும் கையுமாக அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான்தான் கடன் கேட்டிருப்பேன் என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது.

வீட்டு நிலவரம் சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்கு 74 வயது. பழைய படப்பாட்டு, பக்தி, அவ்வளவுதான். தேடத் தெரியாது, யாராவது போட்டுக் கொடுக்க வேண்டும். மனைவிக்கு எண்பதுகளின் பாட்டு. மற்ற நேரமெல்லாம் யூடியூபில் சமையலும் பட்டிமன்றமும். மகள் கல்லூரி இரண்டாம் ஆண்டு, கையில் ஒரு பழைய ஐபோன், கொரியப் பாட்டிலிருந்து கானா வரைக்கும் எதுவும் கேட்பாள். நான் தினமும் குரோம்பேட்டையிலிருந்து பீச் வரை மின்சார ரயில், காதில் ப்ளூடூத் இயர்பட்ஸ். எல்லாருடைய போனிலும் நாளைக்கு ஒன்றரை ஜிபி டேட்டாதான்.

மாதம் 300-ஐத் தாண்டக் கூடாது. எதை எடுக்கலாம்?

கணக்குப்பிள்ளை

சார், ஆப்பின் விலையை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். நீங்கள் நாலு பேர். அப்படியென்றால் தலைக்கு என்ன விழுகிறது என்றுதான் பார்க்க வேண்டும்.

ஸ்பாட்டிஃபை 2019-ல் இங்கே வந்தபோது மாதம் 119. 2025 நவம்பரில் எல்லாவற்றையும் கலைத்துப் போட்டு அடுக்கினார்கள்: லைட் 139, ஸ்டாண்டர்டு 199, பிளாட்டினம் 299. இதில் பிளாட்டினத்தில்தான் மூன்று பேர் சேரலாம். நாலாவது ஆள் வெளியே நிற்க வேண்டும். உங்கள் வீட்டில் அது யார் என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

யூடியூப் பிரீமியம் தனி ஆளுக்கு 149. ஒரு வருஷத்துக்கு மொத்தமாகக் கட்டினால் 1,490, அதாவது மாதம் 124 சொச்சம். குடும்பத் திட்டம் 299, எடுப்பவரோடு இன்னும் ஐந்து பேர். 2024 ஆகஸ்டு வரை இது 189 ஆக இருந்தது, ஒரே தாவாகத் தாவி 299-ல் உட்கார்ந்துவிட்டது. ஆனாலும் உங்கள் நாலு பேருக்குப் பிரித்தால் தலைக்கு 75 ரூபாய். டீக்கடையில் ஐந்து டீ. பிரீமியம் எடுத்தால் யூடியூப் மியூசிக் தானாக வந்துவிடும், தனியாகக் காசில்லை.

உங்கள் மனைவி பாதி நாள் யூடியூபில்தான் இருக்கிறார் என்கிறீர்கள். அந்த விளம்பரமும் சேர்ந்து போகிறது. என் கணக்கில் இதற்கு மேல் யோசிக்க ஒன்றுமில்லை.

ஒரு எச்சரிக்கை. 89 ரூபாய்க்கு பிரீமியம் லைட் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். அதைப் பார்த்து மயங்காதீர்கள். சமையல் வீடியோவில் விளம்பரம் வராது, பாட்டில் வரும். உங்கள் அம்மாவின் விளக்கு பிரச்சினை அப்படியே இருக்கும்.

டெசிபல்

கணக்கு சரி. ஆனால் பாட்டு என்பது காதுக்கு வருவது. அதைப் பற்றி யாரும் பேசக் காணோமே?

கேபிபிஎஸ் என்பது ஒரு விநாடிக்கு வருகிற பாட்டுத் தரவின் அளவு, கூடினால் தரம் கூடும். யூடியூப் மியூசிக் உச்சபட்சம் 256 கேபிபிஎஸ். ஸ்பாட்டிஃபை ஸ்டாண்டர்டில் 320, லைட்டில் 160. ஆப்பிள் மியூசிக்கில் 2021 முதல் லாஸ்லெஸ்ஸும் (சுருக்கும்போது எதையும் இழக்காத தரம்) டால்பி அட்மாஸும் (சுற்றிலும் ஒலிக்கிற மாதிரி) கூடுதல் காசில்லாமல் கொடுக்கிறார்கள். 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும் போகும். ஸ்பாட்டிஃபைகாரர்கள் அதே 2021-ல் இதோ வருகிறது என்று அறிவித்துவிட்டு 2025 செப்டம்பரில்தான் கொண்டுவந்தார்கள், இங்கே அதுவும் 299 கொடுப்பவருக்கு மட்டும். தரம் வேண்டும் என்றால் ஆப்பிள்தான். ஆண்ட்ராய்டிலும் ஓடும்.

மலைரயில்

டெசிபல் அண்ணே, அவர் ப்ளூடூத் இயர்பட்ஸ் என்று எழுதியிருக்கிறாரே. ப்ளூடூத்தில் போகும்போது பாட்டு மறுபடி சுருங்கித்தான் போகிறது. எஸ்பிசி என்கிற சாதாரண சுருக்கும் முறை என்றால் அதிகபட்சம் 328 கேபிபிஎஸ். எல்டிஏசி என்கிற உயர்தர முறை இருந்தால் 990 வரை, அதுவும் போன், இயர்பட்ஸ் இரண்டிலும் இருந்தால்தான். ஐபோனில் எல்டிஏசியே கிடையாது. லாஸ்லெஸ்ஸுக்குக் காசு கொடுத்து அதை எஸ்பிசியில் அனுப்புவது, நல்லெண்ணெய் வாங்கி வண்டிச் சங்கிலிக்கு விடுவது மாதிரி.

அப்புறம் டேட்டா. 320-ல் ஒரு மணி நேரம் கேட்டால் 144 எம்பி. சிடி தரத்து லாஸ்லெஸ் என்றால் மணிக்கு 400 எம்பி பக்கம் போகும். போகவர ரயிலில் கேட்டாலே ஒன்றரை ஜிபியில் பாதி காலி.

டெசிபல்

தம்பி, வீட்டில் ஒயர் ஹெட்போன் போட்டுக் கேட்கக் கூடாதா? நான் அப்படித்தான் கேட்கிறேன். வித்தியாசம் நிச்சயமாகத் தெரிகிறது.

கணக்குப்பிள்ளை

கண்ணைக் கட்டிக்கொண்டு கேட்டுப் பார்த்தீர்களா?

டெசிபல்

இல்லை. சரி, இந்த வாரக் கடைசியில் பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன். மனைவியை உட்காரவைத்து மாற்றி மாற்றிப் போடச் சொல்கிறேன். போதுமா?

சபா_கேன்டீன்

இடையில் என் ராகம். எனக்குக் கச்சேரிதான் எல்லாம். என்னை மாதிரி ஆளுக்கு எந்த ஆப் என்பது வேறு கேள்வி.

முதல் பிரச்சினை தேடுவது. தியாகராஜர் என்ற ஒரு பெயரையே ஆங்கிலத்தில் நாலு விதமாக எழுதி வைத்திருக்கிறார்கள். ராகத்தின் பெயர் இன்னும் மோசம். கல்யாணி தப்பித்துவிடும், கரகரப்பிரியாவில் ஆளுக்கு ஒரு எழுத்து கூட்டிவிடுவார்கள். எந்த ஆப்பாக இருந்தாலும் இதே கதைதான், ஏனென்றால் அனுப்புகிற கம்பெனி எப்படி எழுதி அனுப்புகிறதோ அப்படியேதான் மேலே ஏறுகிறது.

இரண்டாவது, ராகம் தானம் பல்லவியை மூன்று துண்டாக வெட்டிப் போட்டிருப்பார்கள். தானம் முடிந்து பல்லவி எடுக்கிற இடத்தில் அரை விநாடி இடைவெளி விழுந்தாலும் போச்சு. செட்டிங்கில் இடைவெளி விழாமல் ஓட்டுகிற கேப்லெஸ் இருந்தால் போட்டு வையுங்கள், ஒரு பாட்டின் முடிவில் அடுத்ததைக் கலந்துவிடுகிற கிராஸ்ஃபேடை அணைத்துவிடுங்கள். சினிமாப் பாட்டுக்கு அழகாக இருக்கிற கிராஸ்ஃபேட், கச்சேரியில் தாள வாத்தியக்காரர்கள் மட்டும் வாசிக்கிற தனி ஆவர்த்தனத்தின் கடைசி கோர்வையைத் தின்றுவிடும். கஞ்சிராவும் கடமும் சேர்ந்து தீர்மானத்துக்கு வரும்போது அடுத்த துக்கடா மெல்ல எட்டிப் பார்க்கும். ஒரு முறை அனுபவித்தேன். போனைத் தூக்கி எறியாததுதான் ஆச்சரியம்.

மூன்றாவதுதான் முக்கியம். முப்பது நாற்பது வருஷத்துக்கு முன்னால் யாரோ ஒரு ரசிகர் டேப்பில் பதிந்த கச்சேரி எந்த ஆல்பத்திலும் வந்திருக்காது. அது யூடியூபில்தான் கிடக்கும். யூடியூப் மியூசிக்கில் தேடினால் ஆல்பத்தோடு அதுவும் சேர்ந்து வரும், போனை மூடிவிட்டும் கேட்கலாம். இந்த ஒரு காரணத்துக்காகவே நான் 149 கட்டுகிறேன். பக்கத்து வரிசைக்காரர் தும்முவதோடு சேர்த்துக் கேட்கிற அந்தப் பதிவுக்கு 192 கிலோஹெர்ட்ஸ் என்ன செய்யப்போகிறது?

மழைக்காகிதம்

நான் கல்லூரி மாணவி. குரோம்பேட்டை சார் பெண்ணின் பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை. எங்கள் கூட்டத்தில் எல்லாரும் ஸ்பாட்டிஃபைதான். காரணம் பாட்டு இல்லை, பாட்டை ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்வது. டிசம்பரில், வருஷம் முழுக்க யார் என்ன கேட்டார்கள் என்ற கணக்கு வரும்போது எல்லார் ஸ்டேட்டஸிலும் பச்சையும் கறுப்புமாக ஓடும், அதில் நாம் மட்டும் இல்லை என்றால் ஒரு மாதிரி இருக்கும். பெரியவர்களுக்கு இது சில்லறை விஷயம். பரவாயில்லை.

ஓசித் திட்டம் முன்பு நன்றாக இருந்தது. 2023 அக்டோபரில் இந்தியாவில் அதைக் குறுக்கிவிட்டார்கள். அப்போது வரிசையாகக் கேட்க முடியாமல் போனது, பின்னால் ஓட்ட முடியாமல் போனது, ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் போட முடியாமல் போனது. எனவே யாராவது காசு கட்டினால்தான் உண்டு. மாணவர்களுக்குத் தனி விலை இருக்கிறது, கல்லூரி அடையாளத்தைக் காட்டினால் போதும். அப்பாவிடம் கேட்காமல் அவளே பாக்கெட் மணியில் கட்டிக்கொள்ளட்டும். குடும்பத் திட்டத்தில் அவளை இழுத்துப்போட்டால் அவள் அந்தப் பக்கமே வர மாட்டாள், எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

குரோம்பேட்டைக்காரன்

மழைக்காகிதம், நீ சொன்னதை மகளிடம் காட்டினேன். "இவங்க யாருப்பா, ரொம்பத் தெளிவா இருக்காங்க" என்றாள். ஆக நாலு பேர் மூன்று பேராகிவிட்டோம்.

கணக்குப்பிள்ளை சார், அப்படியானால் ஸ்பாட்டிஃபை பிளாட்டினமும் மூன்று பேருக்கு 299, யூடியூபும் 299. சமமாகிவிட்டதே?

கணக்குப்பிள்ளை

விலை சமம், வேலை சமமில்லை. பிளாட்டினத்தில் அந்தக் காசு லாஸ்லெஸ்ஸுக்குப் போகிறது. உங்கள் வீட்டில் அதைக் கேட்கிற காதும் இல்லை, கருவியும் இல்லை, கோபிக்க வேண்டாம். யூடியூபில் விளம்பரம் போவது வீட்டம்மாவுக்குத் தினமும் தெரியும்.

இன்னொரு கேள்வி. உங்கள் அம்மாவுக்குத் தனிக் கணக்கு எதற்கு? அவர் காலையிலும் மாலையிலும் கூடத்தில் உட்கார்ந்து கேட்கிறார். உங்கள் கணக்கிலேயே ஒரு பழைய போனில் போட்டு ஸ்பீக்கரில் விடலாமே? அப்படியென்றால் தனி ஆள் திட்டம் 149-லேயே முடிந்துவிடும்.

மலைரயில்

அது நடக்காது சார். ஒரு கணக்கில் ஒரு நேரத்தில் ஒரு இடத்தில்தான் பாட்டு ஓடும். இவர் தாம்பரம் ரயிலில் போட்டால் வீட்டில் அம்மாவுக்கு நின்றுவிடும். அம்மா போட்டால் இவருக்கு நிற்கும். பல்லாவரம் தாண்டும்போது பாட்டு நின்றால் அம்மா எழுந்துவிட்டார் என்று அர்த்தம். அந்த வகையில் வசதிதான்.

டவுன்லோடு பற்றி யாரும் சொல்லவில்லையே. நான் குன்னூர் பக்கம். மேட்டுப்பாளையம் தாண்டினால் சிக்னல் எப்போது இருக்கும் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. எனக்கு டவுன்லோடு இல்லாத திட்டம் குடை இல்லாத ஐப்பசி. ஸ்பாட்டிஃபை லைட்டில் டவுன்லோடு இல்லை, 199-ல்தான் இருக்கிறது. இறக்கி வைத்ததும் நம் சொத்தாகிவிடாது: 30 நாளைக்கு ஒரு முறையாவது இணையத்தில் தலைகாட்ட வேண்டும், இல்லையென்றால் பாட்டு மறைந்துவிடும்.

பொன்னி_அக்கா

எல்லாரும் ஆப்பை நம்பிப் பேசுகிறீர்கள், நான் கொஞ்சம் பழைய ஆள். பாட்டு ஆப்புக்குச் சொந்தமில்லை. ஸ்பாட்டிஃபை வந்த அதே 2019-ல் சரிகம கம்பெனி டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது, அவர்களுடைய பாட்டெல்லாம் ஸ்பாட்டிஃபையிலிருந்து போய்விட்டது. சரிகம என்றால் பழைய ஹெச்எம்வி. நம் அம்மாக்கள் கேட்கிற பாட்டில் பெரும்பகுதி அங்கேதான். 2020 ஜூனில் ஒப்பந்தம் போட்ட பிறகுதான் திரும்பி வந்தது. 2023-ல் ஜீ மியூசிக் பாட்டுகள் அதே மாதிரி போய்த் திரும்பின. பாட்டு போகாவிட்டால் ஆப்பே போய்விடும். ரெஸ்ஸோ 2024 ஜனவரியோடு இங்கே மூடியது. கூகுள் பிளே மியூசிக் 2020 கடைசியில்.

பல வருஷத்துக்கு முன்னால் மூடிப்போன ஒரு ஆப்பில் நானும் 400 பாட்டு சேர்த்து வைத்திருந்தேன். ஒரு மாதம் அவகாசம் கொடுத்து மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறார்கள், பார்க்கவில்லை. அதிலிருந்து ஒரு நோட்டில் எழுதி வைக்கிறேன். சிரிக்காதீர்கள்.

தம்பி, அம்மாவுக்கு ஆப் எதற்கு? 5,000 பழைய பாட்டு உள்ளேயே இருக்கிற காரவான் பெட்டி ஒன்று வாங்கிக் கொடுத்தால் தீர்ந்தது. குமிழைத் திருப்பினால் பாட்டு. மாதாமாதம் கட்ட வேண்டியதில்லை, யார் வழக்குப் போட்டாலும் பெட்டியிலிருந்து பாட்டு இறங்காது.

குரோம்பேட்டைக்காரன்

அக்கா, அதை யோசித்தேன். ஆனால் அம்மா கேட்பது அந்த 5,000-க்குள் அடங்காது. அப்பா இருந்தபோது பாண்டி பஜாரில் ஒரு கடையில் பட்டியல் எழுதிக் கொடுத்து கேசட் பதிவு செய்து வாங்கிவருவார். மொத்தம் 31 கேசட். 2006 வாக்கில் நானே உட்கார்ந்து எல்லாவற்றையும் எம்பி3 ஆக்கினேன். இப்போது பென் டிரைவில் கிடக்கிறது. அம்மாவுக்கு அந்தப் பாட்டு, அந்தப் பதிவுதான் வேண்டும். ஆப்பில் தேடினால் அதே பாட்டை வேறு யாரோ புதிதாகப் பாடியதுதான் முதலில் வருகிறது. கேட்ட இரண்டாவது விநாடியிலேயே "இது அவர் இல்லை" என்று சொல்லிவிடுகிறார்.

பொன்னி_அக்கா

அட, இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே! யூடியூப் மியூசிக்கில் நம் சொந்தப் பாட்டை ஏற்றி வைக்கலாம், ஒரு லட்சம் பாட்டு வரை. எம்பி3, எம்4ஏ, ஃபிளாக் எல்லாம் ஏற்கும். போன் ஆப்பில் முடியாது. கம்ப்யூட்டரில் பிரவுசரைத் திறந்து இழுத்துப்போட வேண்டும். வேறு யாருக்கும் தெரியாது, உங்கள் கணக்கில் மட்டும் இருக்கும். அழகு என்னவென்றால், இப்படி ஏற்றிய பாட்டுக்குக் காசே கட்ட வேண்டாம். ஓசிக் கணக்காக இருந்தாலும் அதற்கு விளம்பரம் வராது, திரையை அணைத்தாலும் ஓடும், இறக்கியும் வைத்துக்கொள்ளலாம்.

அம்மா பெயரில் ஒரு கணக்கு திறந்து 31 கேசட்டையும் ஏற்றிவிடுங்கள். அவர் செலவு பூஜ்யம். பென் டிரைவையும் பத்திரமாக வையுங்கள், மூடிப்போன ஆப் கதை சொன்னேனே.

சபா_கேன்டீன்

அக்கா, இது தெரியாமல் மூன்று வருஷம் வீணாக்கிவிட்டேன். என்னிடம் டேப் பதிவு ஒரு பெட்டி நிறைய இருக்கிறது.

கணக்குப்பிள்ளை

அப்படியானால் கணக்கு மாறுகிறது. அம்மா 0. மகள் அவள் காசு. மிச்சம் கணவன் மனைவி இரண்டு பேர். தனித்தனியாக 149 போட்டால் 298, குடும்பத் திட்டம் 299. ஒரு ரூபாய் கூடக் கொடுத்துக் குடும்பத் திட்டமே எடுங்கள். நாளைக்கு மகள் மனம் மாறினால் இடம் இருக்கும். ஒரே வீட்டில் இருப்பவர்கள்தான் சேரலாம், அவர்கள் சரிபார்க்கிறார்கள். எனவே மிச்ச இடத்தை அலுவலக நண்பருக்கு விற்கிற யோசனை வேண்டாம்.

மகளின் ஐபோனில் ஆப்புக்குள்ளேயே எதையும் வாங்க வேண்டாம். அந்த வழியாகப் போனால் யூடியூப் கூடுதலாக வாங்குகிறது. பிரவுசரில் கட்டினால் சாதாரண விலை.

மூன்று மாதம் இலவசம் என்று எது வந்தாலும் எடுத்துக்கொள்ளுங்கள், எடுத்த அன்றே ஆட்டோபேயை, அதாவது மாதாமாதம் தானாகக் காசு எடுக்கிற ஏற்பாட்டை, ரத்து செய்துவிடுங்கள். எனக்கு ஒரு ஆப்பில் இப்படி மறந்துபோய் ஏழு மாதம் போனது. 2021 அக்டோபரிலிருந்து ரிசர்வ் வங்கி விதிப்படி காசு எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்னால் தகவல் வரும், அந்த எஸ்எம்எஸ்ஸை யார் படிக்கிறார்கள்? ஆப்புக்குள் ரத்து பட்டனைத் தேடி அலைய வேண்டாம். யூபிஐயில் கட்டியிருந்தால் யூபிஐ ஆப்பிலேயே ஆட்டோபே பட்டியல் இருக்கும், அங்கேயே நிறுத்தலாம்.

டெசிபல்

வந்துவிட்டேன். ஒயர் ஹெட்போன், ஒரே பாட்டு, 256-ம் லாஸ்லெஸ்ஸும். இரண்டிலும் சத்தத்தைச் சமப்படுத்துகிற செட்டிங்கை அணைத்துவிட்டு, காதால் சரிசமமாக வைத்துக்கொண்டோம். இது ரொம்ப முக்கியம், ஏனென்றால் துளி சத்தம் கூடினாலும் அதுதான் நல்ல தரம் என்று காது சொல்லிவிடும். நான் இத்தனை நாள் வித்தியாசம் என்று நினைத்ததில் பாதி இதுதான் என்று சந்தேகம்.

மனைவி பத்து தடவை மாற்றிப் போட்டாள். ஆறு சரி.

மலைரயில்

காசைச் சுண்டிப் போட்டிருந்தால் ஐந்து வந்திருக்கும்.

டெசிபல்

தெரியும் தம்பி. ஆப்பிளை விடப்போவதில்லை, அட்மாஸ் பிடித்திருக்கிறது. ஆனால் இவருக்கு அதைச் சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

குரோம்பேட்டைக்காரன்

முடிவு: குடும்பத் திட்டம் 299, நானும் மனைவியும். மகள் மாணவர் விலையில் அவள் வழி. அம்மாவுக்குத் தனிக் கணக்கு, ஓசி.

சனிக்கிழமை முழுக்க ஏற்றினேன். மாலையில் கூடத்தில் ஸ்பீக்கரில் போட்டேன். அம்மா இரண்டு பாட்டு கண்ணை மூடிக் கேட்டார். மூன்றாவது ஆரம்பித்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டார். "இதுக்கு அப்புறம் இது வராதே. வேற பாட்டுல்ல வரும்?" அந்தக் கேசட்டை அவர் அதே வரிசையில் இருபது வருஷம் கேட்டிருக்கிறார். நான் எம்பி3 ஆக்கும்போது வரிசை எண் போடாமல் விட்டிருக்கிறேன். இப்போது பெயரின் அகரவரிசையில் ஓடுகிறது.

பொன்னி_அக்கா

எம்பி3டேக் என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது. கேசட்டுக்கு ஒரு ஆல்பம் பெயர், ஒவ்வொரு பாட்டுக்கும் வரிசை எண். சரிசெய்த பிறகு பழையதை நீக்கிவிட்டு மறுபடி ஏற்றுங்கள். வரிசை எப்படித் தெரியும்? கேசட் அட்டை இருக்கிறதா?

குரோம்பேட்டைக்காரன்

அட்டை எல்லாம் எப்போதோ போய்விட்டது அக்கா. அம்மாவை உட்காரவைத்துச் சொல்லச் சொல்லி எழுதிக்கொள்கிறேன். முதல் கேசட் ஏ பக்கம் முடிந்தது, ஏழு பாட்டு. பி பக்கம் சாப்பாட்டுக்கு அப்புறம் என்றிருக்கிறார்.